அழுதுகொண்டே பேசுகிறவர்

மேனேஜர் அறையில் உட்கார்ந்த மறுநிமிஷமே பச்சைமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சத்தம் வராது. கடா மீசையின் இரண்டு ஓரத்திலும் வழிந்து சட்டையில் சொட்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொழிலாளர் பக்கத்து நியாயத்தை ஒன்றுவிடாமல் பேசுவார். பெங்களூரில் எங்கள் துணி மில்லில் தறி ஃபிட்டர். தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான்.

"எனக்கே தெரியலை சார். சில பேருக்குக் கோவம் வந்தா கை நடுங்கும். எனக்குக் கண்ணுல வந்துடுது. அழுவேன், ஆனா எறங்க மாட்டேன்" என்பார். ஜீவனஹள்ளி வீட்டில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூடப் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்பாராம். "எல்லாத்தையும் மில்லுலயே ஊத்திட்டு வந்துடுவாரு போல" என்று சிரிக்கிறார் மனைவி காந்தா.

சங்கத்தில் பலருக்கு இது மானப் பிரச்சினை. காரியதரிசி கோவிந்தப்பா மேஜையைக் குத்திப் பேசுகிறவர். "அளபேடப்பா, அழாதே! ஆம்பளை அழுதா எவன் மதிப்பான்?" என்று ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே எச்சரிப்பார். பச்சைமுத்து தலையாட்டிவிட்டு உள்ளே போய் அழுவார்.

போன மாதம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஷிப்ட் நடுவில் வீட்டுக்கு ஓடியதற்காக, நூல் சுற்றும் சந்திரம்மாவின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், இந்த வேலை போனால் அடுப்பு எரியாது. பேச்சுவார்த்தையைக் குறித்துக்கொள்ளும் கிளார்க் என்பதால் நானும் அன்று அந்த அறையில் இருந்தேன்.

கோவிந்தப்பா வெகுநேரம் இடி முழங்கினார். புது மேனேஜர் சீனிவாசராகவன் அசையவில்லை. "மில்லையே இழுத்து மூடிடுவேன்" என்று அவர் சொன்னதும் கோவிந்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது. மேனேஜர் பச்சைமுத்துவின் நனைந்த முகத்தைப் பார்த்தார். ஆள் மசிந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "ஒரு மாசச் சம்பளம் வாங்கிண்டு அவ போகட்டும். கையெழுத்தைப் போடுங்கோ" என்று காகிதத்தை நகர்த்தினார். கோவிந்தப்பா பேனாவைத் திறந்தார்.

பச்சைமுத்து தண்ணீரைக் குடித்தார். கோவிந்தப்பாவின் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி போட்டு, அவர் சட்டைப் பையிலேயே செருகினார். "சந்திரம்மா வேலைக்கு வரணும் சார்."

மேனேஜர் வாதாடினார், மிரட்டினார், கெஞ்சக்கூடச் செய்தார். எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே கண்ணீர். எத்தனையோ வீராதிவீரர்கள் அந்த அறையில் கத்தி ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு உறுதியைப் பார்த்ததில்லை. கடைசியில் மேனேஜர் தாமே அந்தக் காகிதத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டார். "சரி, வரச் சொல்லுங்கோ."

வெளியே ஷிப்ட் முடிந்த கூட்டம் காத்திருந்தது. பச்சைமுத்துவின் கண்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. "போச்சுடா" என்றது ஒரு குரல். அவர் முகத்தைத் துடைக்காமலே கையை உயர்த்தி, கேட்டுக்கு வெளியே குழந்தையோடு நின்ற சந்திரம்மாவை உள்ளே வரும்படி அழைத்தார்.