பெல் அடிக்கும் வரை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறேன். பத்தாவது தாண்டவில்லை. செல்போன் ஆப் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலைக்குப் போக ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே வகுப்பு. தமிழில்தான் நடத்துகிறார்கள்.

சார் ஒரு பயிற்சி கொடுத்தார். கண்முன்னால் நடந்த சிக்கல் ஒன்றை எடுக்க வேண்டும். யார் என்ன செய்தார், அடுத்து யாரிடம் போனது, எவ்வளவு நேரம் ஆனது என்று கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் சேர்க்க வேண்டும். யூசர் ஃப்ளோ என்று பெயர். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல் என்றார்.

எனக்கு அக்காவின் சங்கதிதான் ஞாபகம் வந்தது. சொந்த அக்கா இல்லை. ஆறு வருஷமாகப் பக்கத்து மெஷின்.

கம்பெனிக்குள் போன் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரம் என்றால் வீட்டார் கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்குப் போன் செய்வார்கள். மாசி மாதம் அக்காவின் அம்மாவுக்கு மூச்சுத் திணறி, குடியாத்தத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடனே வரச் சொல்லிப் பேசினார்கள். அக்கா போய்ச் சேர்ந்தபோது உயிர் போய் அரை மணி ஆகியிருந்தது. வாட்ச்மேன்தான் லேட்டாகச் சொன்னார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

ஷூ டப்பா அட்டையின் உள்பக்கம் வரைந்தேன். வீடு, வாட்ச்மேன், சூப்பர்வைசர், அக்கா. நான்கு கட்டம். பிறகு நேரம் எழுதினேன். வாட்ச்மேன் போனை வைத்த கையோடு ஓடி வந்துவிட்டார். பத்தே கால். சூப்பர்வைசரும் அப்போதே சொல்லிவிட்டார். அக்காவிடம் இல்லை. என்னிடம். அக்காவுக்குத் தெரிந்தது பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டு பெல் அடித்த பிறகு.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். மெஷின் ஓடும்போது சாவுச் சேதி சொல்லமாட்டோம். முன்பு ஒருத்தி, தம்பி செத்ததைக் கேட்ட அதிர்ச்சியில் ஊசிக்குள் விரலை விட்டுவிட்டாள். அதனால் பெல் அடித்ததும் பக்கத்து மெஷின்காரிதான் சொல்வாள். நானும் பெல்லுக்குக் காத்திருந்தேன். அக்காவின் அம்மா அப்போது சாகவில்லை. உயிரோடு இருந்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். நான் என்று எழுதினேன். பக்கத்தில் இரண்டே கால் மணி நேரம் என்று எழுதினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அட்டையை அக்காவிடம் கொடுத்தேன்.

"இன்னாடி, ஷூவ வுட்டுட்டு டப்பா தெக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கியது.

ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். என் கட்டம் வந்ததும் சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டது.

"பத்தே காலுக்கே சொல்லிருந்தா பாத்துருப்பனா?"

"பாத்துருப்பக்கா."

"எதுனா பேசிருக்குமா எங்கம்மா?"

"தெர்லக்கா."

டிபன் பாக்ஸை மூடியது. சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள். என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் வேறு லைன் கேட்டு வாங்கிக்கொண்டது.

வகுப்பில் அட்டையைக் காட்டினேன். தீர்வு என்ன என்று சார் கேட்டார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு உடனே சேதியைச் சொல்ல வேண்டும் என்றேன்.

இதற்கு ஆப் எதற்கும்மா என்றார்.

தேவையில்லை சார் என்றேன்.