கடைசிப் படியில் நின்றவர்

நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. எங்கள் பாப்டிஸ்ட் சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்கு நான்தான் பொறுப்பு. பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்தால் கீழே தொட்டி. எங்களிடம் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் கிடையாது. முழு ஆளும் முங்கி எழ வேண்டும். தண்ணீர் நிரப்புவது, வடிப்பது, பிறகு உள்ளே இறங்கித் தேய்ப்பது, எல்லாம் என் தலையில்.

புதன்கிழமைகளில் சபை வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்போம். அந்த வரிசைக்கு வருகிற ஒருவரைக் 'கட்டுக்கால்' என்போம். முழங்காலிலிருந்து பாதம் வரை துணிக்கட்டு, சீழ் மஞ்சளாக ஊறியிருக்கும். கிட்டே வந்தால் குடலைப் புரட்டும். கை படாமல் பொட்டலத்தை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கர்த்தர் உங்களை நேசிக்கிறார்" என்பேன். மனிதர் அதை நம்பிவிட்டார். ஞானஸ்நானம் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு ஆறு பேர்.

"அந்தாளைக் கடைசியா விடுங்க. அவரு முங்குன தண்ணியில எம்புள்ளைய முக்குவீங்களோ?" என்றார் பாடகர் குழுத் தலைவி.

கடைசியாகத்தான் விட்டேன். ஐந்து பேருக்கு முடிந்தது. பக்கத்து அறையிலிருந்து தொட்டிக்குள் இறங்கும் படியில் அவர் வெள்ளை அங்கியோடு நின்றார். அவர் காலிலிருந்து கழன்று மிதப்பதையெல்லாம் நான்தானே அள்ள வேண்டும்? வடிகுழாயைத் திருகிவிட்டேன். போதகரிடம், "அவருக்கு உடம்பு முடியலையாம் ஐயா" என்று பொய் சொன்னேன்.

"தண்ணி போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார் கட்டுக்கால்.

"ஆமா. அடுத்த தடவை."

"அப்ப நான்தான் முதல்ல."

"சரி, சரி. நீங்கதான்."

ஐந்து வாரம் கழித்து அடுத்த ஞானஸ்நானம். பட்டியலில் ஒரே ஆள், என் மகள். அவர் நினைவே எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை மாலை 5.40. தொட்டி நிரம்பியது. அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. நாற்காலிகளைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தேன். 5.52. தண்ணீர் மேல் எண்ணெய் போல ஒரு படலம்.

கையை விட்டேன். விரலில் ஏதோ சுற்றியது. நைந்த துணி. மஞ்சள்...

வடித்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தோள் கழலத் தேய்த்தேன். மறுபடி நிரப்பினேன். மணி 7.05.

மறுபடியும் அதே படலம்.

பக்கத்து அறைப் படியில் சத்தம். சளக்... சர்ர். சளக்... சர்ர். ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம்.

யாரும் இல்லை.

ஆனால் தண்ணீர் உயர்ந்தது. ஓர் ஆள் இறங்கினால் எவ்வளவு உயருமோ, அவ்வளவு. விளிம்பு தாண்டி என் பாதத்தில் வழிந்தது.

அலை... அமைதி...

பிறகு, முங்கி எழுகிறவர்கள் விடும் மூச்சு.

"ஹா..."

என் காதோரம்.

ஓடிவிட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாற்றம் இல்லை. வடித்திருக்கலாம். ஏன் வடித்தாய் என்று போதகர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். 9.30க்கு என் மகள் அந்தத் தண்ணீருக்குள் முழுதாக மறைந்து எழுந்தாள். வாயில் வழிந்ததைத் துடைக்காமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"என்னப்பா, மூஞ்சிய அப்படித் திருப்பிக்கிற?"

அடுத்த புதன்கிழமை பொட்டல வரிசையில் கட்டுக்காலைப் பற்றி விசாரித்தேன்.

"அவரா? பெரியாஸ்பத்திரியில செத்து மூணு வாரமாச்சே! ஒருத்தருமா உங்ககிட்ட சொல்லல?"

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடலை வாங்க யாரும் வரவில்லை. பிணவறைக் குளிர்பெட்டியிலேயே கிடந்தது. சபையிலிருந்து வருகிறேன் என்றதும் ஊழியர் என்னைத் தனியே அழைத்தார்.

"சனிக்கிழமை வேற ஒரு பாடி வைக்க வந்தோம் சார். ஏழு, ஏழே கால் இருக்கும். இவரு பெட்டியில இருந்து தண்ணி கொட்டுது. இழுத்துப் பாத்தா, தலைலேருந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சு கிடக்குறாரு. மத்த பெட்டி எல்லாம் காஞ்சுதான் இருக்கு. மூணு தடவ துடைச்சுட்டோம் சார்."

பெட்டியை இழுத்துக் காட்டினார்.

தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.