படிகாரம் வளர்ந்த பெரிய வெள்ளி

சகோதர சகோதரிகளே, நான் செய்தது அழகான செபம் அல்ல. எரிச்சலில் வாய்விட்டுப் புலம்பியதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். படிகாரத்தைக் கரைத்து, அதில் நூலில் கட்டிய சிறு துகளைத் தொங்கவிட்டு, மாசில்லாத ஒரே படிகமாக வளர்க்க வேண்டும். லேசாக அதிர்ந்தாலும் ஜாடி முழுக்கப் பொடி விழுந்துவிடும். ஆய்வகத்துக்குப் பின்னால் ரயில் பாதை. ஒவ்வொரு ஜாடியும் பாழாயிற்று. விடுமுறை முடிந்து வரும்போது நல்ல படிகம் இல்லையென்றால் ஆராய்ச்சியை விட்டுவிடும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துக்கு ஜாடியோடு சொந்த ஊரான ஆவூருக்கு வந்தேன். வீட்டில் வேறு மாதிரித் தொல்லை. "சவரக் கடையில கேட்டா இந்தக் கல்லக் குடுக்க மாட்டாங்களா?" என்றார் அம்மா. புதன்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம் அக்கா உலக்கையை எடுத்தார். ஜாடி கலங்கியது. ஓடிப்போய்ச் சத்தம் போட்டேன்.

"பாஸ்காத் திருநாளுக்கு மாவு இடிக்க வேணாமா தம்பி? படிகாரத்துக்காக என்னையப் போயி வையிறீங்களே."

அழுகையே வந்துவிட்டது. "ஆண்டவரே, இந்த ஊரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லும். உம்மால் முடியாதா?" என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

வியாழன் மதியம் வேறு ஜாடி வைத்தேன். நம்பிக்கையே இல்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். "உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா வளந்துருமா? கெளம்பு கோயிலுக்கு" என்று அம்மா இழுத்துப் போனார்.

அன்று மாலைப் பூசையோடு கோயில் மணி நின்றது. அதன் பிறகு ஊரில் உலக்கை விழவில்லை. யாரும் விறகு பிளக்கவில்லை. வண்டி பூட்டவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம்தான். ஜாடி நினைப்பில் அது எனக்கு உறைக்கவே இல்லை. வெள்ளி முழுவதும் நானும் கோயிலிலேயே கிடந்தேன்.

சனிக்கிழமை காலை மூடியைத் திறந்தேன். கண்ணாடி போல் தெளிவாக ஒரே படிகம்.

"அம்மா, எனக்காக ஆண்டவர் ஊரையே சும்மா இருக்க வச்சுட்டாரு."

"போடா. சாமி செத்ததுக்கு ஊரு சும்மா இருந்துச்சு. ஒனக்காகவா அவரு செத்தாரு?"

சொல்லிவிட்டு அம்மாவே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டேன்.

பட்டம் கிடைத்தது. இன்று ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. பெரிய வெள்ளியன்று மட்டும் ஆய்வகத்துப் பக்கம் போவதில்லை. உங்களுக்கும் எரிச்சலாக இருக்கிறதா? நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காதீர்கள். எரிச்சலோடே அவரிடம் போங்கள். எனக்காகவும்தான் அவர் செத்தார் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.