மங்குக்குப் போட்ட ஊசி

இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் எனக்கு மங்கு. பதினேழு வருடமாக மட்டாஞ்சேரிக் கடைவீதியில் கார்ப்பரேஷன் தொடப்பத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவளுக்கு வேறென்ன வரும்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. நர்சிங் படிக்கிற மகளைப் பார்க்க ஒருநாள் காலேஜுக்குப் போனேன். அவள் தோழி ஒருத்தி, முகத்தில் தீப்பட்டதா என்று என்னிடம் கேட்டுவிட்டாள். மகளுக்கு முகம் செத்துவிட்டது.

பட்டமளிப்பு விழாவில் பெற்றவர்களையும் மேடைக்குக் கூப்பிடுவார்களாம். அதற்குள் என் முகத்தைச் சரிசெய்தே தீருவது என்று இடப்பள்ளியில் ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மீசோதெரபி என்றார்கள். மங்குக்கான மருந்தை முகத்திலேயே பொடிப்பொடி ஊசியாகக் குத்துவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாறு தடவை. முழுசாகப் போகும் என்று டாக்டரம்மாவும் வாக்குக் கொடுக்கவில்லை.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்க வரும், மகள் எழுதினாள். வேலை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

"ஆபீஸ்னு போட்டிருக்கேம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மரத்துப்போக ஒரு கிரீம் பூசி அரைமணி உட்காரவைத்தார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றாள் நர்ஸ். எறும்பாம், எறும்பு! கட்டெறும்புப் புற்றில் முகத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மூக்கின் மேல் குத்தும்போது கண்ணீர் தானாக வழிந்தது.

முடிந்ததும் டாக்டரம்மா தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "வீக்கம் ரெண்டு நாள்ல போகும். வெயில் மட்டும் படவே கூடாது. ஆபீஸ் ஜோலியல்லே? அப்போ பேடிக்க வேண்டா." ஆபீஸ் வேலைதானே, பயப்பட வேண்டாம் என்கிறார்.

வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? சொல்லித் தொலைத்திருக்கலாம். பக்கத்தில் நிற்கிற மகளைப் பொய்க்காரி ஆக்க மனசு வரவில்லை. தலையை ஆட்டினேன்.

வீக்கம் வடிந்ததும் தொடப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முகத்துக்கு ஊசி போட்டேன் என்று மேலும் லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். பூசச்சொன்ன சன்ஸ்கிரீன் பத்து மணிக்குள் வியர்வையோடு கழுத்துக்கு இறங்கிவிடும். முந்தானையை இழுத்து மூடினால் மூச்சு முட்டும். மூன்றாவது தடவை முடிந்தபோது, சாயா நிறத்தில் இருந்த மங்கு கருத்து அடர்த்தியாகத் தெரிந்தது. கண்ணாடியைப் பார்க்கவே வெறுத்துப்போனது.

நான்காவது தடவை போனபோது டாக்டரம்மா என் தாடையைப் பிடித்து விளக்குக்குத் திருப்பினார். "வெயில்ல போனீங்களா?"

மகள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை டாக்டர்" என்றேன்.

"அப்போ இது உங்க தோலுக்குப் பிடிக்கலை. நிறுத்திடலாம்" என்று ஃபைலை மூடினார்.

பஸ் தோப்பும்படியை நெருங்கியது. இறங்குவதற்கு முன்னால் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, விழாவுக்கு மாஸ்க் போட்டுட்டு வர்றியா?"

"போட்டுக்கிறேன்டி" என்றேன்.