கண்ணெடுக்காமல் பார்ப்பது

பக்கத்து வீட்டுப் பிள்ளை சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் ‘பார்’ என்றே எழுதி, டீச்சரிடம் ஏச்சு வாங்கி வந்திருந்தாள். வித்தியாசம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதா என்று கூச்சம். உங்களிடம் சொன்னால் சிரிக்கமாட்டீர்கள்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பங்களாக்களுக்கு வந்துவிடும். ஆய்க்குடியில் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு துரைசானியின் ஒரு வயதுக் குழந்தைக்கு ஆயாவாகப் போனேன். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையை நம்பித்தான். குழந்தை மேல் பவுடர் மணக்கும். வெயிலே காணாத துணிகளின் முடைநாற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

“வாட்ச் பேபி” என்று சொல்லிவிட்டு துரைசானி உள்ளே போவாள். நானோ குழந்தையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அடுத்தவர் பிள்ளையை உற்றுப் பார்த்தால் கண்ணேறு பட்டுவிடும் என்று வளர்ந்தவள். பெரிய மரியாதை செய்வதாக எனக்கு நினைப்பு!

ஒருநாள் குரங்கு வந்து குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிவிட்டது. குழந்தை வீறிட்ட பிறகுதான் திரும்பினேன். ஓடிவந்த துரைசானி, போய்விடு என்று வாசலைக் கையால் காட்டினாள்.

சமையல்கார அண்ணாச்சி வந்தார். “ஏட்டி, எங்கன பாத்துக்கிட்டிருந்த? கண்ணுல தானா படுதது சீ. நாமளா திரும்பிப் பாக்கது லுக். கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே இருக்கதுதான் வாட்ச்.”

“ஐயோ அண்ணாச்சி, பச்சப்புள்ளய அப்படிப் பாத்தா காய்ச்சல் வந்துராதா?”

“வெள்ளக்காரப் புள்ளைக்குமா?”

“புள்ள புள்ளதான அண்ணாச்சி!”

அவர் சிரித்துக்கொண்டே அதைத் துரைசானிக்கு இங்கிலீஷில் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளிடம் பார்த்திருந்தாள் போல, அடுக்களைக்குப் போய் விளக்குக்கரியை விரலில் தொட்டு வந்து, குழந்தையின் கன்னத்தில் கோணலாக ஒரு பொட்டு வைத்தாள். “நௌ, வாட்ச்” என்றாள், மெதுவாக.

பயந்துகொண்டேதான் பார்த்தேன். அத்தனை நாள் தூக்கி வளர்த்த பிள்ளைக்குக் கண் நீலம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதன்பிறகு தினமும் காலையில் பொட்டைத் துரைசானியே வைத்துவிடுவாள்.

சாரல் ஓய்ந்ததும் போனார்கள்; மறு வருஷம் வேறு யாரோ வந்தார்கள். அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். பங்களா இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். அந்தச் சாரல் ஓயும்வரை கண்ணெடுக்காமல் பார்த்த முகம். இப்போது கண்ணை மூடினால் நீலம் வருகிறது, கரி வருகிறது. முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.