மச்சினன் வீட்டுத் தூக்குவாளி

மெஸ் நடத்துகிறவனுக்கு மாமியார் ஒருத்தி அல்ல, பந்திக்கு இருபது பேர்.

ஜோகுபாளையத்தில் தொண்ணூற்றொன்றில் ஆறு மேசை போட்டு மீன் சாப்பாட்டு மெஸ் தொடங்கினேன். சொந்த ஊர் நாகப்பட்டினம், படிப்பு ஐந்தாம் வகுப்பு. குழம்பு வைப்பது என் மனைவி புஷ்பம். மீன் வறுப்பது நான். பரிமாறுவது அவள் தம்பி சவரி. சாப்பாட்டுக் கடை வைத்து அடிபட்டவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்றுக் குழம்பு

எங்கள் பக்கத்தில் மீன் குழம்பை இன்றைக்கு வைத்து நாளைக்குத்தான் ரசித்துச் சாப்பிடுவார்கள். ஒரு இரவு மண்சட்டியில் கிடந்தால் புளியும் காரமும் மீனுக்குள் இறங்கிவிடும். அதனால் எங்கள் அடுப்படியில் எப்போதும் இரண்டு சட்டி. நேற்றுச் சட்டி வேண்டியவர்களுக்கு மட்டும். பீன்யாவில் லேத் ஓட்டும் கோவிந்தன் கடலூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வருவது அந்தச் சட்டிக்காகத்தான்.

ஒரு ஞாயிறு மல்லேஸ்வரத்திலிருந்து புதிதாக ஒரு ஆபீசர் வந்து கோவிந்தனுக்கு எதிரே உட்கார்ந்தார். புது ஆளை மரியாதையாகக் கவனிக்கிறேன் என்று சவரி ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, "உங்களுக்கு நேத்துக் குழம்பாவே கொண்டாந்திருக்கேன் சார்" என்றான். ஆபீசர் முகம் கருத்துவிட்டது. "பழசைக் குடுக்கறதும் இல்லாம அதைப் பெருமையா வேற சொல்றியா?" என்று கிண்ணத்தைத் தள்ளினார். நான் ஓடி வருவதற்குள் கோவிந்தன் கையை நீட்டிவிட்டார்: "சார், தள்ளறதுதான் தள்ளறீங்க, கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளுங்க."

சவரி சொன்னது

நாலு வருஷம் கழித்து ஒரு நாள் புஷ்பத்துக்குக் காய்ச்சல். நானே கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கடை நிறைய ஆள். முதல் மேசையில் இருந்தவர், என்ன இன்றைக்குக் குழம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். சோற்று வாளியோடு நின்ற சவரி எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னான். கடையே சிரித்தது. வெளியே போடா என்றேன். தோளில் கிடந்த துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவன், அடுத்த மாதமே இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக மெஸ் போட்டான். அதே மீன். அதே குழம்பு. அக்காவும் தம்பியும் ஒரே அம்மாவிடம் கற்றவர்கள்தானே.

அதோடு பேச்சை நிறுத்தினேன். அந்தத் தெரு வழியாகப் போவதையும் நிறுத்தினேன். மாதா கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிடும் நேரத்தில் அவன் பக்கத்து வரிசையில் நின்றால், நான் தூணைப் பார்த்துக் கும்பிடுவேன். அன்று யார் எந்த மேசையில் இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் சொன்ன சொல் இதுதான்: "அத்தான், உங்க கைக்கு வறுவல் போதும். சட்டியைத் தொடாதீங்க."

மீனின் கண்

மேலும் நாலு வருஷம் போயிற்று. நாகையில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம். பஸ்ஸில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் புஷ்பம் மூன்று மாதத்துக்கு அங்கே கிளம்பினாள். வாடிக்கைக்காரர்களிடம் நான் சொல்லவில்லை. குழம்பு நான் வைக்கிறேன் என்று தெரிந்தால் ஆள் கழன்றுவிடும். ஆள் கழன்றால் கடை போகும் என்பது ஒரு பக்கம். சவரி சொன்னது சரி என்று ஆகிவிடுமே, அதுதான் எனக்குத் தூக்கம் வராத கவலை.

முதல் நாளே எங்கள் பழைய வாடிக்கைக்காரர் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஐஸ் பெட்டியைத் திறந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்று சோதிப்பவர். அன்றும் ஒவ்வொரு சங்கராவாக எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னையும் அதே மாதிரி பார்த்தார். "மீனு கண்ணு நல்லா தெளிவாத்தான் இருக்கு அண்ணே. உங்க கண்ணுதான் கலங்கியிருக்கு. புஷ்பம் எங்கே?"

ஒரு கை

குழம்பு உறைத்தது. மறுநாள் இன்னும் உறைத்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நாகைக்குப் போன் போட்டேன். புளி எவ்வளவு என்றேன், ஒரு உருண்டை என்றாள். மல்லித்தூள் மூன்று கை, மிளகாய்த்தூள் ஒரு கை, மீனை எப்போது போடுவது, மாங்காயை எப்போது போடுவது, எல்லாம் சொன்னாள். அத்தனையும் அப்படியேதான் செய்கிறேன் என்றேன். பூத்துக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் சிரித்தாள்.

"யாரு கையால அள்ளுனீங்க? நான் சொன்னது என் கைங்க. உங்க கை முறம்ல!"

ரசம்

அதன்பிறகு கையைக் குறைத்துப் பார்த்தேன், கரண்டியால் அளந்தும் பார்த்தேன். உறைப்பு அடங்கியது, ஆனால் குழம்பு வரவில்லை. மீன் ஒரு பக்கம், புளி ஒரு பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி நின்றது. நேற்றுச் சட்டியைக் கேட்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மூன்றாவது ஞாயிறு நாலு மேசை காலி.

நேற்றுச் சட்டிக்காரர்களில் கோவிந்தன் மட்டும் வந்தார். நேற்றுக் குழம்பு எடுக்கவா என்று கேட்டேன். இரண்டு பஸ் மாறி வந்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் இலையில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் துடைத்தார். "இன்னிக்கு ரசம் மட்டும் போதும்ணே."

அடுத்த ஞாயிறு

கோவிந்தன் கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "போன வாரம் இங்கேருந்து போயி அந்தத் தெருவுல சாப்பிட்டேண்ணே. பசி. மன்னிச்சுக்குங்க. அக்கா ஊர்ல இல்லேன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். இன்னிக்கு இதைக் குடுத்து விட்டாரு" என்றார். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தேன். நேற்று வைத்த கொடுவாக் குழம்பு. ஒரு சொட்டு நாக்கில் வைத்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது.

சாக்கடையில் கொட்டத்தான் எடுத்துப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுவா மீனைக் கொட்டுவதற்குக் கடற்கரையில் பிறந்தவனுக்குக் கை வராது. வெளியே ஏழெட்டுப் பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாளியைச் சட்டியில் கவிழ்த்துச் சூடு காட்டி, நானே பரிமாறினேன். சோறு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போயிற்று. மூலை மேசையிலிருந்த ஸ்டெல்லா டீச்சர் விரலை வழித்துவிட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்: "புஷ்பம், எப்ப வந்தே?"

வெறும் பாத்திரம்

நம் வீடுகளில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். எதிரி வீட்டுப் பாத்திரமானாலும் அது அப்படித்தான். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் குழம்பை ஊற்றினால் தோற்றேன். சர்க்கரை போட்டால் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான். கடைசியில் எனக்குக் கை வந்ததைச் செய்தேன். நெத்திலியைக் கருவேப்பிலையோடு மொறுமொறுவென்று வறுத்து நிரப்பிக் கோவிந்தனிடம் கொடுத்தேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்த அந்த நல்ல மனிதரிடம், என்ன சொன்னான் என்று கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். அவரே சொன்னார். "ஒண்ணு விடாமத் தின்னாருண்ணே. தின்னுட்டு, உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னாரு."

அதோடு அவனாவது விட்டிருக்கலாம். மறுநாளே அவன் கடைப் பையன் கையில் வாளி நிறைய மத்திக் குழம்பு வந்தது. நான் சங்கரா வறுவல் அனுப்பினேன், உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாக. இப்படியே ஓடி, மேசைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மூன்றாம் மாதம் புஷ்பம் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்கும் முன்பே அடுப்பு மேடையில் இருந்த வாளி அவள் கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தாள். அடியில் வெட்டியிருந்த பெயர் சூசையம்மாள், அவள் அம்மா. எல்லாவற்றையும் அவளே புரிந்துகொண்டு, முந்தானையால் வாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பேசத்தான் மாட்டீங்க, அவன் குழம்பைத் திம்பீங்க."

கடை மூடி வருஷங்களாகிவிட்டன, சவரி அன்று சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, ஆனால் வாளி இப்போது என் வீட்டில் இருக்கிறது, நாளைக்குள் நெத்திலி வாங்கியாக வேண்டும்.