எக்ஸ்ரே அக்கா மூச்சு விட்ட நாள்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அக்கா எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். இருபத்தாறு வருஷமாக ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்வது மூன்றே மூன்று விஷயம். மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க. பிடிக்கச் சொல்லும்போது தானும் பிடித்துக்கொள்வாள். யாரும் கேட்டுக்கொண்டது இல்லை, அதுவாக வந்த பழக்கம். நாளைக்கு எழுபது எண்பது பேர் வந்தால் எழுபது எண்பது தடவை அக்காவுக்கும் மூச்சு நிற்கும்.

அந்த மூன்றாவது வார்த்தையை அவள் சொல்ல மறந்தது ஒரே ஒரு நாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று அன்றைக்கு வந்து நின்றவர் அவளுடைய வீட்டுக்காரர். இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் டிரைவர் என்றால் அவர்தான். தட்டில் மார்பை ஒட்டி, தாடையைத் தூக்கி, சொன்னபடி மூச்சைப் பிடித்தார். படம் திரையில் விழுந்தது. இதயம் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். மனிதர் முகம் சிவந்து, விழி பிதுங்கியும் விடவில்லை, பெண்டாட்டி சொல்லாமல் விடக் கூடாது என்று நிற்கிறார். டோக்கன் கொடுக்கும் பெண்தான் எட்டிப் பார்த்து, "அக்கா, மாமா மூச்ச பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு!" என்று கத்தினாள். அதற்குள் அவரே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் நடங்க என்றார் டாக்டர். டிரைவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நாலு படி. "இறங்கிடலாம். ஏறும்போது எதாவது ஆச்சுன்னா?" என்பார். கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று, இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாயிற்று. நாற்காலி அசையவில்லை. பேருந்தை மலைப்பாதையில் பின்னால் எடுத்த மனிதர் சொந்த வீட்டுப் படிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஐந்து கிலோமீட்டர். எக்ஸ்ரே பிரிவில் ஆள் குறைகிறது என்று டோக்கன்காரி கேட்காமலே அக்கா பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நாளைக்கே பெயரை அடித்துவிடச் சொல்ல வேண்டும் என்று அக்கா வீட்டில் வந்து புலம்பினாள்.

டிரைவர் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, பல் தெரியச் சிரித்தார்.

"நீயா? கண்ணெதிர கிளம்புற பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறவளாச்சே!"

"ஏன், நான் ஓட மாட்டனா?"

"நடக்காம, நிக்காம ஓடி முடி பாப்போம். மறுநாளே நான் கீழ இறங்குறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அக்காவா டிரைவரா என்று அப்போது தெரியவில்லை. பெயரை அடிக்கும் பேச்சு மட்டும் அதோடு போயிற்று.

டோக்கன்காரியிடம் கடன் வாங்கிய கால்சட்டையோடு மறுநாள் காலை தெருவில் இறங்கினாள். பேக்கரி முனைவரை போய்த் திரும்பினால் நானூறு மீட்டர் இருக்கும். பாதியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அது நிஜமாகவே அப்படித்தான். பேக்கரிக்காரர் ஸ்டூலும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரம் போயும் ஸ்டூல் உள்ளே போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கூத்து தேவையா என்று தினமும் கேட்டுக்கொண்டாள். மேலே பார்ப்பாள். ஜன்னலில் ஒரு தலை தெரியும். ஷூவை இறுக்கிக் கட்டிக்கொள்வாள்.

எட்டாம் நாள் அவள் மேலே வந்ததும் டிரைவர் விஷயத்தை உடைத்தார்.

"இந்தா, நீ ஓடும்போது மூச்சே விடுறதில்ல."

"என்னங்க உளர்றீங்க?"

"கன்னம் ரெண்டும் உப்பிக்கிட்டு நிக்குது. யாராவது விடுங்கன்னு சொல்லணும்னு காத்திருக்கியா? காத்து போகலன்னா எஞ்சின் எப்படி ஓடும்?"

அக்கா மறுத்துப் பார்த்தாள். ஆனால் அடுத்த நாள் ஓடும்போது கவனித்தால், அவர் சொன்னது அப்படியே உண்மை. காலைத் தூக்கியதுமே மூச்சு தானாகப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஜன்னலில் கைதட்டல் ஆரம்பித்தது. இரண்டு தட்டுக்கு இழு, இரண்டு தட்டுக்கு விடு. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. "மானம் போகுது, மெதுவா தட்டுங்க" என்று அவள் கீழிருந்து கத்த, அவர் இன்னும் ஓங்கித் தட்டுவார். இரண்டு மாதத்தில் பேக்கரிக்காரர் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

பந்தய நாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். டோக்கன்காரி தொடங்கியதுமே பறந்துவிட்டாள். அக்கா கடைசி வரிசையில், காதுக்குள் கேட்கும் கைதட்டலுக்குத் தன் பாட்டுக்கு ஓடினாள். ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். போகட்டும், நின்றால்தானே தோல்வி.

நாலாவது கிலோமீட்டர் முடியும் இடத்தில் பாதை அவளுடைய தெரு முனையைத் தொட்டுத் திரும்புகிறது. வழக்கம்போல மேலே பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

மூச்சு அப்படியே நின்றது. கால் நின்றது. என்ன ஆயிற்று அவருக்கு, விழுந்து கிடக்கிறாரா, கூப்பிட்டு யாருக்கும் கேட்கவில்லையா. பந்தயமாவது ஒன்றாவது. அவள் பாதையை விட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்க போற? ரூட்டு அந்தப் பக்கம்!"

பேக்கரி வாசலில், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவர் நின்றார். காலில் வீட்டுச் செருப்பு. சட்டையில் பித்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"நின்னுட்டியே! நிக்காம ஓடணும்னுதான பேச்சு? பந்தயம் போச்சு போ."

"நீங்க எதுக்கு இறங்குனீங்க? நாளைக்கிதான இறங்கணும்?"

அவர் வேறெங்கோ பார்த்தார். "மூணாவது மாடியிலருந்து பாத்தா, இந்த முனையில வரும்போது நீ மூச்சு விடுறியா இல்லியான்னு தெரியாது."

அக்கா அழுதுவிட்டாள். அழுகையோடும் அவள் கண் அவர் தோளைப் பார்த்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றது. இருபத்தாறு வருஷமாகத் தினமும் பார்க்கிற நிற்பு அது. மனிதர் ஐம்பத்து நாலு படியும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கிறார். அவள் அவர் முதுகில் கையை வைத்தாள்.

"மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தார்.

"அப்படியே பிடிங்க."

பிடித்தார். தாடையைத் தூக்கி, அன்றைக்கு நின்ற அதே மாதிரி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க" என்றாள் அக்கா.

விட்டார். அவளும் விட்டாள்.

"பத்து மாசம் கழிச்சு சொல்ற" என்றார் டிரைவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை லேசாகத் தள்ளினார். "போ, போய் முடிச்சிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன். மேல ஏற எனக்குத் துணைக்கு ஆள் வேணும்."

பேக்கரிக்காரர் பழைய ஸ்டூலைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டார். அக்கா மீதி ஒரு கிலோமீட்டரையும் ஓடினாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு.